நான் இட்டுக்கட்டிய நீலக் கதவு

எங்கள் படிப்பில் முதல் பாடமே ஒளித்து எழுதுவதுதான். யார் வீட்டில் உட்கார்ந்து எதைத் தெரிந்துகொண்டாலும் பேரைச் சொல்லக்கூடாது, இடத்தை மாற்றிவிட வேண்டும். மானுடவியல் படித்துவிட்டு, இந்த ஊரின் சாப்பாட்டை யார் எங்கே சமைக்கிறார்கள் என்று ஆராய்வதே என் பிழைப்பு. ஒளித்து எழுதுவது எனக்குக் கைவந்த கலை என்று ஒரு திமிர் இருந்தது.

தாராவியில் எனக்கு ஓர் அக்கா உண்டு. திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் இட்லி அவித்து தாதர் வரைக்கும் அனுப்புகிறவர். உரிமம் கிடையாது, வீட்டுச் சிலிண்டரில்தான் மொத்த வியாபாரமும். காடி வந்தால், அதாவது நகராட்சி வண்டி வந்தால், சட்டி, சிலிண்டர் எல்லாம் போய்விடும். அது வருகிற சத்தம் கேட்க வேண்டுமே என்று அக்கா வேலை நேரத்தில் பாட்டுக்கூட வைப்பதில்லை.

"எல்லாத்தையும் எழுதிக்கிடுங்க மேடம். நான் எங்க இருக்கேன்னு மட்டும் போட்டுராதீங்க."

போடவில்லை. என் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அவரைத் தாராவியிலேயே மாஹிம் பக்கத்துச் சந்து ஒன்றுக்குக் குடிமாற்றினேன். தோல் பட்டறைக்கு அடுத்த நீலக் கதவு, இரும்பு ஏணி, மாடியில் இட்லி. எல்லாம் நானே இட்டுக்கட்டியது. அந்தச் சந்துக்குள் நான் கால் வைத்ததே கிடையாது.

அச்சுக்குப் போவதற்கு முன், செம்பூரில் ரயிலேறி அந்தப் பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை படித்தேன். அங்கே நிஜமாகவே ஒருத்தி இருந்துவிட்டால்? தாராவியில் இரும்பு ஏணி இல்லாத சந்து எது? புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு, வடாலாவில் வண்டி மாறி மாஹிமில் இறங்கினேன்.

சந்துக்குள் நுழையும்போதே புளித்த மாவு வாசனை. பட்டறை இருந்தது. நீலக் கதவும் இருந்தது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். அடுப்பு முன்னால் நின்றிருந்த பெண் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையை. அக்கா வீட்டுக்குப் போகும்போது கழற்றிவிடுவேன். அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டேன். அவர் அடுப்பை அணைத்தார். படுக்கை விரிப்பை இழுத்துச் சிலிண்டரை மூடினார்.

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பலக்கா. அட்ரஸ் மாறி வந்துட்டேன்."

"இது வீட்டுக்குத்தான். சொந்தக்காரங்க வாராங்க." பின்னால் இட்லி குவிந்து கிடந்தது.

உங்களைப் பார்க்காமலேயே உங்களைப் பற்றி எழுதிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இறங்கி வந்துவிட்டேன். தெருவிலிருந்தே, புத்தகத்தை அச்சுக்கு அனுப்புகிற எங்கள் துறைத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பக்கத்தை எடுத்துருங்க சார்."

"என்னம்மா, அதுதானே புத்தகத்தோட உயிர். உன் ப்ரொமோஷனே அதுலதானே இருக்கு?"

"பரவாயில்ல சார். எடுத்துருங்க."

எடுத்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் மாட்டுங்காவில் நின்று காபி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சேதி தெரியுமா மேடம்? மாஹிம் பக்கம் நம்மள மாதிரியே ஒருத்தி இட்லி போட்டுட்டு இருந்தா. யாரோ கார்டு போட்ட பொம்பள வந்து நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கா. அன்னைக்கு அணைச்ச அடுப்பை இன்னும் பத்த வைக்கலியாம். சட்டியெல்லாம் மான்குர்த்துக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டாளாம். பிள்ளைக பட்டினியா கெடக்கு."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அக்கா தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"நீங்களும் கார்டு கீர்டு மாட்டிட்டு அந்தப் பக்கம் போயிராதீங்க மேடம். உங்களப் போயி அவதான்னு நெனச்சுருவாங்க."

அட்டை கைப்பைக்குள்தான் இருந்தது. பையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.