மாமா நிறுத்திய மிஷின்

எங்கள் நிறுவனத்தின் வரலாற்று நூலில் ஓர் அத்தியாயத்தை நான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோது, நாற்காலியை விட்டு எழுந்து உண்மையாகவே குதித்தேன். பக்கத்து மேசைக்காரர் சம்பள உயர்வா என்று கேட்டார். சம்பள உயர்வுக்கெல்லாம் யார் குதிப்பார்கள்? நான் துணையாசிரியர். அடுத்தவர் எழுதியதை வெட்டியும் ஒட்டியுமே இத்தனை வருடம் ஓட்டியவள். எனக்கென்று முழுசாக ஓர் அத்தியாயம் கிடைத்தால் தலைகால் புரியுமா?

எங்களுடையது நாடு முழுக்கப் பல மொழிகளில் வரும் நாளிதழ். பின்னால் தொலைக்காட்சி, இணையதளம், செயலி என்று கிளைவிட்டு, இன்று எந்தக் கிளையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. தலைமை அலுவலகம் முந்தைய அத்தியாயங்களை மாதிரிக்கு அனுப்பியிருந்தது. நிறுவனர் வாடகை அறையில் ஒற்றைத் தாளாக ஆரம்பித்தது, ஈய எழுத்தைக் கையால் கோத்தது, டெலிபிரிண்டர் வந்தது, செயற்கைக்கோள் வழியாகப் பக்கங்கள் பறந்தது எல்லாம் அதில் இருந்தன. அத்தனை பக்கத்திலும் ஒருவருக்குக்கூட ஜலதோஷம் பிடிக்கவில்லை. எல்லோரும் தொலைநோக்கோடு நடந்துகொண்டே இருந்தார்கள்.

என் பங்கு தமிழ்ப் பதிப்பு. காகித உருளைகள் கப்பலில் வருவதால், துறைமுகத்துக்கு அருகில் இருக்கட்டும் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து அச்சகம் வைத்தார்கள். அங்கேதான் முதல் இதழ் அச்சானது. கோப்பில் அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: ‘இயந்திரக் கோளாறு காரணமாக முதல் நாள் இதழ் தாமதமாக வெளிவந்தது.’ அப்படியே எடுத்து எழுதிக்கொண்டு, பெருமை தாங்காமல் ராயபுரம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன்.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அப்பா. கடலுக்குப் போகும் குடும்பம் அவர்களுடையது. படகில் ஏறினாலே அவருக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும் என்பதால், அண்ணன் தம்பிகளில் அவர் ஒருத்தர் மட்டும் அச்சகத்துக்கு வேலைக்குப் போனார். அதுவும் எங்கள் அச்சகத்துக்கே. முதல் இதழ் அச்சானபோது மிஷினை ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் நான் கல்யாணமாகி வந்த காலத்தில் அவர் காகிதக் கிடங்கில் உருளை உருட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்ததும், “மொத நாளு மிஷின நான்தான் நிறுத்துனேன்” என்று ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள். திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் அப்பா, சம்பந்தியின் கதை ஆரம்பித்ததும் கை கழுவப் போய்விடுவார். நானும் அதை நம்பியதில்லை.

நான் படித்ததும் மாமா சோற்றில் இருந்து கையை எடுத்தார்.

“இன்னாமா எழுதிக்கீற? கோளாறா? மிஷினுக்கு ஒண்ணுமே இல்ல. அது தங்கம். தப்பு பேப்பர்லதான் இருந்திச்சு.”

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்டேன். புதிய பதிப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒத்திகை இதழ் அடிப்பது வழக்கம். ‘டம்மி’ என்போம். செய்தி, விளம்பரம், வானிலை எல்லாம் இருக்கும், விற்பனைக்குப் போகாது. பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுவோம். முதல் நாள் அவசரத்தில் முதல் பக்கத்து மூலையில் டம்மியின் வானிலைக் கட்டம் மாற்றப்படாமல் தங்கிவிட்டது. ‘கடல் அமைதியாக இருக்கும். மீனவர்கள் தொழிலுக்குச் செல்லலாம்.’ மாமாவோ வேலைக்கு வரும் வழியில் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்.

ஆசிரியர் குழுவில் ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை. படாது. எங்கள் ஆட்கள் தலைப்பைப் பார்ப்பார்கள், தலைவர் படத்தைப் பார்ப்பார்கள். வானிலைக் கட்டத்தைப் பார்க்க ஒரு குப்பத்து ஆள் வேண்டும்.

“செவப்பு பட்டன ஒரே அமுக்கு. மிஷின் நின்னுச்சு. சூப்பர்வைசரு ஓடியாந்து, உன் ஆளுங்க பேப்பர பாத்துட்டாடா கடலுக்குப் போறானுங்கன்னு கத்துனாரு. அப்பால கட்டத்த மாத்தி, புது தகடு போட்டு ஓட்றதுக்குள்ள ரயிலு பூட்ச்சு, பார்சல் எல்லாம் தங்கிட்ச்சு. தப்பு பக்கத்துலன்னு மேல சொல்ல யாருக்கும் தில்லு இல்ல. மிஷின் கோளாறுன்னு எழுதிட்டானுங்க. கோளாறுன்னா எவனாவது கெடுத்திருக்கணும் இல்ல? என்னிய கெடங்குக்குத் தள்ளிட்டானுங்க.”

“ஆதாரம் ஏதாவது இருக்கா மாமா?”

“தகடு கீதே. நான்தான வூட்டுக்கு எடுத்தாந்தேன்.”

நான் எழுந்தே விட்டேன். பக்கம் பதிந்திருக்கும் அலுமினியத் தகடுகளை, அச்சடித்து முடிந்ததும் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது அப்போது சகஜம். எங்கள் பக்கத்துக் குப்பங்களில் அடுப்புக்குப் பின்னால் சுவருக்கும், குளிக்கிற மறைப்புக்கும் அந்தத் தகடுதான். அந்த ஒரு தகடு கிடைத்தால் போதும், மாமா மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடலாம். எங்கே அது என்று நான் குடைய, அவர் நெற்றியைத் தேய்த்து யோசித்து, அத்திப்பட்டில் வீடு கட்டிய தங்கச்சிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரை எப்படிப் பொறுத்தேன் என்று தெரியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே என் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து, அனல் மின் நிலையத்துச் சாம்பல் முகத்தில் அப்ப, மாமாவின் அந்தத் தங்கச்சி, எனக்கு அத்தை முறை, அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்டார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனேன்.

அடுப்புக்குப் பின்னால் ஐந்து தகடுகள் வரிசையாக ஆணியடித்து இருந்தன. எண்ணெய்யும் கரியும் படிந்து எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அத்தைக்கும் சூடு பிடித்துவிட்டது. புளியும் கம்பி நாரும் கொண்டுவந்து, “தோ, ஒரு நிமிசத்துல பளபளன்னு ஆக்கிட்றேன்” என்று கையை ஓங்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே மறு கையால் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“புளியா? அவள நவுந்து நிக்கச் சொல்லு மொதல்ல. தேங்கா எண்ணெய தொட்டு, பஞ்சால மெதுவா துட. எழுத்து தகட்டோட ஒட்டிகினு கீது, அவ்ளோ சீக்கிரம் போவாது. கம்பி போட்டா போச்சு.”

துடைத்தோம். முதல் தகட்டில் சினிமா விளம்பரம். இரண்டாவதில் பங்குச் சந்தை. மூன்றாவதில் வரன் தேடும் விளம்பரங்கள். அத்தை அதில் இரண்டை நின்று படித்துவிட்டுத்தான் நகர்ந்தார். நான்காவதைத் துடைக்கும்போது எங்கள் நாளிதழின் பெயர் மேலே வந்தது. அதன் கீழே தேதி. தொடக்க நாள் தேதி. அவசரமாகக் குனிந்ததில் முழங்கை இடித்து எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. வலது மூலைக்குப் பஞ்சைக் கொண்டுபோனேன். ‘கடல் அமைதியாக’ என்று வந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பு வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

“இத்தினி வருசமா இதும்மேலதான் தோச கரண்டி மாட்டிகினு கீறேன்” என்றார் அத்தை. தலைப்புச் செய்தியின் நடுவில் ஆணி அடித்த ஓட்டை இருந்தது. மாமாவுக்குக் காட்டப் போனைத் திருப்பினேன். திரையில் அவர் காது மட்டும் தெரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தகட்டைப் போர்வையில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பழைய இதழ்த் தொகுப்பில் இருந்த முதல் இதழோடு வைத்துப் பார்த்தோம். எல்லாம் அச்சு அசலாக ஒன்று, வானிலைக் கட்டம் மட்டும் வேறு. இதழில் புயல் எச்சரிக்கை. தகட்டில் அமைதியான கடல். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். அவருக்கும் உற்சாகம்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது.

“நம்ம முதல் பக்கமே தப்புன்னு நம்ம புத்தகத்துலயே போட்டா தலைமை அலுவலகம் ஒத்துக்காதும்மா.”

“ஒருத்தர் தலையில பழியப் போட்டு முப்பது வருஷம் உருளை உருட்ட விட்டாங்க சார். அதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்களா?”

குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. சற்று யோசித்துவிட்டு வழி சொன்னார். பிழை என்று எழுதாதே, உயிர் காத்த ஊழியர் என்று எழுது. அப்படியென்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. அன்றே உட்கார்ந்து எழுதினேன். அவர் அச்சை உடனே நிறுத்தியிராவிட்டால் எத்தனை படகுகள் திரும்பி வந்திருக்காது, எத்தனை தாய்மார்கள் கடற்கரையில் காத்திருந்திருப்பார்கள் என்று பேனா தானாகவே ஓடியது. தலைமை அலுவலகம் ஒரே நாளில் சம்மதித்தது. மாமாவின் பெயரும் படமும் போடலாம் என்றார்கள். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள் சொல்லி அசத்த வேண்டும் என்று திட்டம்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நூல் அச்சேற இருந்தது. நான் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, இறுதிப் படியோடு வீட்டுக்கு ஓடி வந்து மாமாவிடம் நீட்டினேன். தன் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“யாரு உயிர நான் காப்பாத்துனேன்?”

“மீனவங்களத்தான் மாமா. நீங்க நிறுத்தலைன்னா...”

“ஒருத்தனும் கடலுக்குப் போவல. கடல பாத்தாலே அவனுங்களுக்குத் தெரியாதா? எனுக்கு எப்டித் தெரியும்னு கேளு. மொத காப்பில நான் மசிய மட்டும்தான் பாத்தேன். கட்டத்த பாக்கல. நான் பாக்கறதுக்குள்ள அந்தத் தப்பு பேப்பரோட ஒரு வண்டி ரொம்பிக் கெளம்பிப் பூட்ச்சு. எண்ணூர் வண்டி.”

நான் படியைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

“காலைல ஷிப்டு முடிஞ்சதும் மழைல சைக்கிள எடுத்துகினு எண்ணூருக்குப் போனேன். குப்பம் குப்பமா பாத்தேன். எல்லாப் படகும் கரைல கெடந்துச்சு. ஒரு டீக்கடையில அந்தப் பேப்பர்ல வடைய வெச்சிக் குடுத்தான். அங்கயே குந்தி அழுதேன். இத யாராண்டயும் சொன்னதில்ல. இத்த எடுத்துடுமா.”

எடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். உயிர் காத்த கதை இல்லையென்றால் மறுபடியும் இயந்திரக் கோளாறு என்றே போட்டுவிடுவார்கள். உங்கள் பெயரும் வராது, படமும் வராது. இனி ஒரு வரலாறு எழுத இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ. கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

“போட்டுக்கட்டும். அது அவங்க சொல்ற பொய்யி. இது என் பேர்ல வர்ற பொய்யி. நிறுத்து.”

மணி இரண்டரை. நான் அச்சகத்துக்குப் போன் போட்டேன். என் அத்தியாயம் இருக்கும் பாகத்தை ஓட்ட வேண்டாம் என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. யாரைக் கேட்டு நிறுத்தச் சொன்னாய் என்றார். நான் மாமாவின் பெயரைச் சொன்னேன். எண்ணூர் வண்டி, சைக்கிள், கரையில் கிடந்த படகுகள் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “தலைமை அலுவலகத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். புது வரிய இப்பவே சொல்லு, எழுதிக்கிறேன்” என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அன்று இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் வானிலைக் குறிப்பு தவறாக இருந்தது. அதைக் கண்டு அச்சை நிறுத்தியவர், அச்சுப் பணியாளர் இன்னார். அவ்வளவுதான் என்று போனை வைக்கப் போனேன். மாமா என் முழங்கையைப் பிடித்தார்.

“நான் பாக்கறதுக்குள்ள ஒரு வண்டி பூட்ச்சுன்றதையும் போடச் சொல்லு.”

சொன்னேன். ஆசிரியர் அதையும் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். போனை ஸ்பீக்கரில் வைத்து மாமாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். முழுவதும் கேட்டார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பசிக்கிறது, சோறு போடு என்றார்.