பதினொரு பக்கம் மீதி

போன செவ்வாய்க்கிழமை டிலானி புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. எங்கள் வாசிகசாலையில் துப்பறியும் கதைகளை விழுந்து விழுந்து வாசித்தவள். பக்க அடையாளத்துக்கு வைத்த குருத்தோலைத் துண்டு உள்ளே அப்படியே இருந்தது. எண்ணிப் பார்த்தேன் — முடிய இன்னும் பதினொரு பக்கம்.

துப்பறியும் கதையை அந்த இடத்தில் யாராவது மூடி வைப்பார்களா?

வளர்ந்த பிள்ளைகள் தாங்களாகவே இருந்து வாசிக்க எப்படியான துப்பறியும் கதைகளைக் கொடுக்கலாம் என்று சில தாய்மார் இந்தப் பத்திரிகை வழியாக எனக்கு எழுதிக் கேட்டிருந்தீர்கள். பதிலை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்துப்போட்டேன். காரணத்தைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். ஆனால் துப்பறியும் கதைப் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து இரண்டு பெட்டி பழைய தமிழ்ப் புத்தகம் வந்தபோது, பிள்ளைகளுக்கு ஏற்றதைப் பொறுக்கும் வேலையை என்னிடம் தந்துவிட்டார்கள்.

பழைய கதைகள் எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்து ஆட்கள் நேர்மையாக எழுதினார்கள். கள்ளனை முதல் அத்தியாயத்திலேயே எங்கள் முன்னால் நடமாட விடுவார்கள். கடைசியில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து ஏமாற்ற மாட்டார்கள். பிள்ளை தன் மூளையாலேயே கண்டுபிடிக்கலாம். ரத்தம் ஓடுகிறவற்றை ஒதுக்கினேன். நஞ்சு வைக்கிறவற்றை ஒதுக்கினேன். பெண்களைக் கேவலமாகப் பேசிய மூன்றை அடுப்புக்குள் வைத்தேன் — பாவமில்லை.

மிஞ்சியது பதினாறு. நகை காணாமல் போகும், உயில் காணாமல் போகும், நாய்க்குட்டி காணாமல் போகும்... கடைசிப் பக்கத்தில் கள்ளன் பிடிபடுவான். எல்லோரும் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். இதில் என்ன கெடுதல் வந்துவிடும்?

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் களவு போனால் பொலிசுக்கு ஓடுவதில்லை. ஞாயிறு பூசை முடிய பங்குச் சுவாமி அறிவிப்பார் — எடுத்தவர் அடுத்த ஞாயிறுக்கு முன் அதைக் கடற்கரையில் கல்லால் குகைபோலக் கட்டிய கெபியில், அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்துவிடவேண்டும். அந்தக் கிழமை முழுக்க ஒருவரும் கெபிப் பக்கம் தலை திருப்புவதில்லை. தண்ணீர் அள்ளப் போகிற பெண்கள்கூடச் சுற்றிப் போவார்கள். பொருள் வந்துவிடும். யார் என்று கேட்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன், தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கிற பிலோமினாவின் நண்டு வலை காணாமல் போனது. சுவாமி அறிவித்தார். வியாழக்கிழமை விடிய வலை கெபியடியில் கிடந்தது, ஒரு கண்ணி அறாமல்.

அன்று காலை பள்ளிக்கூட உடுப்போடு டிலானி ஓடிவந்தாள்.

“பெரியம்மா, நான் பிடிச்சிட்டன்!”

“என்னத்தையடி பிள்ளை, மீனையோ?”

“கள்ளனை! கெபிக்குப் பின்னால தோணியொண்டு கவிட்டுக் கிடக்கெல்லோ? மூண்டு நாளா விடிய விடிய அதுக்குள்ள கிடந்தனான். நுளம்பு கடிச்சிருக்கிறதைப் பாருங்கோ. கதையில வாற மாதிரி நேரமும் எழுதி வச்சிருக்கிறன்.”

கொப்பியை நீட்டினாள். அந்தக் கொப்பியை வாங்கி அடுப்புக்குள் வைத்திருக்கவேண்டும். இந்தக் கரையிலேயே பிறந்து நரைத்தவள் நான். எனக்கு வழக்கம் தெரியாதா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆர்?” என்றேன்.

“றீற்றாட அப்பா.”

றீற்றா, டிலானியோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கிற சிநேகிதி. அந்த மாதம்தான் அவள் தகப்பனின் வலையை முழுக்க இழுவைப்படகு வாரிக்கொண்டு போனது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் என் வாய் “கெட்டிக்காரி!” என்றது. பிள்ளை பறந்துகொண்டு போனாள். இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த மனிதரை ஒருவரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். பூசைக்கு வருவதை விட்டார். பிறகு கடலுக்குப் போவதையும் விட்டார். மூன்றாம் கிழமை சாமான்களை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, குடும்பமாக அடம்பன் ஊரில் மனைவியின் ஆட்களிடம் போய்விட்டார்கள். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் அங்கே மாடு பார்க்கிறாராம். றீற்றா பெட்டியின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு போனாள். டிலானி வேலியடியில் நின்றாள். றீற்றா திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் இன்னொருவரின் தோணி எஞ்சின் களவு போனது. சுவாமி அறிவித்தார். இரண்டு ஞாயிறு கழிந்தும் கெபியடி வெறுமையாகத்தான் கிடக்கிறது. யார் கொண்டுவந்து வைப்பார்கள்? அங்கே ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு...

வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள்.

“பிள்ளையளை உளவு பாக்கப் பழக்கவோ பெரியம்மா இந்தப் புத்தகங்களைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?” என்று தலைவர் கேட்டார்.

“இனி என்ர கோழி காணாமப் போனாலும் டிலானியிட்டத்தான் முறைப்பாடு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். டிலானியின் தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எழும்பிச் சொல்லியிருக்கலாம் — யார் என்று கேட்டவள் நான், கெட்டிக்காரி என்றவளும் நான் என்று. கூட்டத்தில் எனக்கு வாய் திறக்க வராது. ஆயுசுக்கும் வந்ததில்லை. கதிரைக் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பழி பிள்ளையின் தலையிலும் பதினாறு புத்தகங்களின் தலையிலும் விழுந்தது. அலுமாரியைப் பூட்டினார்கள். வெளியே இருந்த புத்தகங்களையும் திருப்பித் தரச் சொன்னார்கள். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுதி என்ன? அடம்பனுக்குப் போனவர்கள் திரும்பியா வரப்போகிறார்கள்?

ஆகவே தாய்மாரே, எந்தக் கதையைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கள்ளன் பிடிபட்ட பிறகு என்ன நடக்கும் என்று ஒரு கதையிலும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டிலானியிடம் சொன்னேன்: “பதினொரு பக்கம்தானே பிள்ளை, முடிச்சிட்டுத் தாவன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“வேணாம் பெரியம்மா.”

“அப்ப கள்ளன் ஆரெண்டு நானே சொல்லட்டோ?”

தலையாட்டி மறுத்தாள். வேலிப் படலை வரைக்கும் போய் நின்றாள்.

“அந்தக் கள்ளனுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?”

நாலு தரம் வாசித்த கதை அது. அவள் போன பிறகு ஐந்தாம் தரமும் இருந்து வாசித்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.