சேலத்து விலை

பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் ஊரில் பெயர். மினி டிராக்டர் வாங்க செஞ்சி ஷோரூமுக்குப் போனபோதும் அந்த மிதப்பில்தான் போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர். பத்தாயிரத்துக்கு மேல் குறைக்க முடியாது என்றார்.

"சேலத்துல இதே வண்டிய நாப்பதாயிரம் கம்மியா தர்றாங்க" என்றேன். சேலத்தில் நான் யாரிடமும் விசாரித்ததே இல்லை. பொய் இல்லாமல் பேரம் ஏது?

அவருக்குக் கோபம் வரவில்லை, கவலை வந்தது.

"எனக்கு வர்ற விலையே அதவிட ஜாஸ்திண்ணா. பழைய வருஷத்து வண்டியா இருக்கப் போவுது. அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவு, நானே கூட வர்றேன். சேசிஸ் நம்பரப் பாத்தா எந்த வருஷத்து வண்டின்னு சொல்லிடுவேன். நல்லா இருந்துச்சுன்னா அங்கியே எடுத்துக்கோங்க."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் சர்வீஸுக்குப் போயிருந்தேன். அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் அங்கே விலை பேசிக்கொண்டிருந்தார். சேலத்திலும் விசாரித்திருப்பதாகச் சொன்னார். கடைக்காரர் பதறிப்போனார்.

"சேலமா? வேணவே வேணாங்க. அங்க ஏமாத்துறாங்க. இதோ, இந்த அண்ணனையே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

சேலத்தில் டிராக்டர் விற்கும் யாரோ ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.