அறுபது தாண்டிய கண்களும் என் தொண்டைத் தண்ணீரும்

கண் சோதிக்கிற வேலையில் கண்ணோடு படும் பாடு கொஞ்சம், வாயோடு படும் பாடுதான் அதிகம்.

நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனையில் பதினான்கு வருடமாகப் பார்வைப் பரிசோதகராக இருக்கிறேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, சுவரில் உள்ள எழுத்தை வாசிக்கச் சொல்வாளே ஒருத்தி, அவள்தான் நான். மாதத்தில் நாலைந்து நாள் முகாம் என்று ஊர் ஊராகப் போவோம். அறுபது தாண்டியவர்களில் பார்வை மங்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புரை, கண்ணுக்குள் நீர் அழுத்தம், சர்க்கரை, விழித்திரைத் தேய்வு, இவை எதுவும் இல்லாவிட்டால் பவர் மாறிப்போன பழைய கண்ணாடி. நேரத்தோடு வந்தால் இவற்றில் நிறையவற்றைச் சரிசெய்யலாம், இல்லை அதற்கு மேல் கெடாமலாவது நிறுத்தலாம். நேரத்தோடு வருவதுதான் நடக்காத காரியம். வீட்டில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவோம்" என்று கெஞ்சிப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கட்சிதான்.

சார்ட்டை விழுங்கிய வாத்தியார்

அருமனைப் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் முகாம். வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தார். முறை வந்து உட்கார்ந்ததும் மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் தேங்காய்ப்பால் ஊற்றியது மாதிரி வெளுத்திருந்தன. எழுத்துச் சார்ட்டை எடுத்துவிட்டு எண்கள் உள்ள சார்ட்டை மாட்டினேன். அவர் மறுபடியும் அதே எழுத்துகளை அதே வேகத்தில் சொன்னார்.

வரிசையில் முன்னால் நின்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். எதற்கு சார் இந்தப் பாடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறது அவர்தானாம். கண் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் வேறு ஆளை நிறுத்திவிடுவார்களாம். அப்படியானால் இப்போது எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டால், சனிக்கிழமையே மகளை வாசிக்கச் சொல்லி நெட்டுரு போட்டுக்கொள்வாராம். ஆபரேஷன் செய்தால் புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கலாம் என்று அரைமணி நேரம் மன்றாடினேன். ஒருவழியாகச் சம்மதித்து, படிவத்தில் கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளிக் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் என்னைக் கண்டிக்கவும் மறக்கவில்லை: "சார்ட்டை மாத்துனா மாத்திட்டேன்னு முதல்லயே சொல்லாண்டாமா மோளே, பரீட்சையில இது நியாயமா?"

ஒரே சிவப்பு ஃபிரேம்

இன்னொரு முகாமுக்கு ஒரே தெருவிலிருந்து ஏழு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஏழு பேர் மூக்கிலும் ஒரே சிவப்பு ஃபிரேம். அவர்களில் ரோஸம்மா என்பவரின் மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது ஒரு டஜன் வாசிப்புக் கண்ணாடி கொண்டுவந்திருக்கிறான். அம்மா அதை சோப்பு, மிட்டாயோடு தெருவில் பங்கு வைத்துவிட்டார். ஏழு பேரையும் சோதித்தேன். இரண்டு பேருக்கு அந்தக் கண்ணாடி தற்செயலாகப் பொருந்தியது. ஒருவருக்குப் புரை முற்றியிருந்தது. "அதுதான் கண்ணாடி இருக்கே" என்று இரண்டு வருடமாக அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஆளாளுக்குப் பவர் வேறுபடும், இப்படிக் கண்ணாடியைப் பங்கு வைக்கக் கூடாது என்று ரோஸம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னைவிடப் பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஒருத்திக்குக் கூடுதலும் ஒருத்திக்குக் குறைச்சலும் குடுத்தா அவளுவ மனசு வருத்தப்படும் மோளே, அதான் எல்லாருக்கும் ஒரே பவரு."

பொத்தாத கண்

ஆரல்வாய்மொழியில் ஒரு வாழை விவசாயி மனைவிக்குத் துணையாக வந்திருந்தார். தனக்கு ஒன்றும் இல்லை என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை மனைவிதான் உள்ளே இழுத்துவந்தார். இடது கண்ணைப் பொத்தினேன். வலது கண்ணால் சுமாராக வாசித்தார். பிறகு வலது கண்ணைப் பொத்தினேன். "லைட்டை எதுக்கு அணைச்சிய?" என்றார். லைட்டை யாரும் அணைக்கவில்லை. அவர் மனைவி தலைக்கு மேலே எரிகிற டியூப் லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, இடது கண் நரம்பு முழுதும் செத்திருந்தது. ஒரு கண் போனதை இன்னொரு கண் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இடது பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்களையெல்லாம் "ஹார்ன் அடிக்காம வாறான்" என்று கொஞ்ச நாளாக அவர் திட்டிக்கொண்டிருந்தாராம். வலது கண்ணிலும் அழுத்தம் தொடங்கியிருக்கிறது, தினமும் சொட்டுமருந்து விட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். அது புரிந்தது, இடது கண் எப்போது சரியாகும் என்று விவசாயி கேட்டார். ஆகாது என்று சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. என்னால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் சொன்னார்: "வலிச்சிருந்தா வராம இருப்பேனா மக்ளே, ஒரு நாளுகூட வலிக்கலியே."

புரை பழுக்கட்டும்

செல்லப்பன் என்று ஒருவர், சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம், தானே பால் வெட்டுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தால் வர மாட்டார். போன் செய்தால் மழை முடியட்டும் என்பார். மழை முடிந்தால் பேத்தி கல்யாணம் முடியட்டும் என்பார். எல்லாம் முடிந்த பிறகு, புரை பழுக்கட்டும் என்றார். அது பலாப்பழம் இல்லை, பழுக்கப் பழுக்க ஆபரேஷன்தான் கஷ்டமாகும் என்று நான் போனில் கத்தியதைக் கேட்டு, பக்கத்து அறையிலிருந்த டாக்டர் எழுந்து வந்துவிட்டார். இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசியில் படியில் தடுக்கி விழுந்து முட்டி வீங்கியதும் மகள் விடாமல் கூட்டிவந்தாள்.

புரை கல்லாக இறுகியிருந்தது. டாக்டர் நேரமெடுத்துத்தான் எடுத்தார். ஒரு மாதம் கழித்து செல்லப்பன் மறுபரிசோதனைக்கு வந்தபோது, கடைசி வரிக்கு முந்தின வரி வரை வாசித்தார். இனியாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்று காலையில்தான் முதல்முறையாகத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு வருடமாகத் தடவித் தடவி வெட்டியதில் கத்தி பட்டையைத் தாண்டிப் போய், மரம் மரமாகக் காயம், காயத்தைச் சுற்றி முண்டு முண்டாகப் புடைப்பு. "நீங்க எல்லாரும் கண்ணு கண்ணுன்னுதான் சொன்னிய," என்றார். "மரத்தைக் கொல்லுதேன்னு ஒருத்தராவது சொன்னியளா?"

கண்ணாடிக் கடைமேல் வழக்கு

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை. கண்ணாடி சரியில்லை என்று அடிக்கடி வந்து நிற்பார். விழித்திரையைப் பார்க்க வேண்டும், சொட்டுமருந்து விட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றால், ஸ்கூட்டரில் வந்திருக்கிறேன், மருந்து விட்டால் மங்கும், எப்படி ஓட்டுவேன் என்று கிளம்பிவிடுவார். மூன்று கண்ணாடி மாற்றினார். கண்ணாடிக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

ஒரு நாள் கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல் நூலாகத் தொங்குகிறது என்று ஆட்டோவில் வந்து இறங்கினார். விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. லேசர் வைத்தும் பழைய பார்வை பாதிதான் திரும்பியது. சர்க்கரையால் வந்தது என்று படம் வரைந்து காட்டினேன். படத்தை எட்டத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சர்க்கரை ரத்தத்துல இருக்குன்னுதானே சொன்னாவ, அதைக் கண்ணுக்கு யாரு கொண்டு போனது?"

எங்கள் வீட்டுக் கதவு நிலை

என் கணவரின் அம்மா, எங்கள் மாமி, எங்களோடுதான் இருக்கிறார். புது வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து ஒரே புகார்: கதவு நிலை வளைந்திருக்கிறது, டைல்ஸ் கோடு நெளிகிறது. கொத்தனாரை வரவழைத்தோம். அவர் நூல் பிடித்துக் காட்டினார், ரசமட்டம் வைத்துக் காட்டினார். எல்லாம் நேராக இருந்தது. மாமி ஒத்துக்கொள்ளவில்லை. கொத்தனார் முகம் சுளித்துக்கொண்டு போனார். புது வீட்டில் குறை கண்டுபிடிக்காவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது என்று நான் அடுக்களையில் நின்று முணுமுணுத்தேன். மாமி வைத்த சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்ததற்கும், அவர் புடைத்த அரிசியில் வண்டு கிடந்ததற்கும் அதே முணுமுணுப்புத்தான். இப்படியே ஒன்றரை வருடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி என்னிடம், "உன் முகத்துல நடுவுல மட்டும் புகை மூட்டமா இருக்கு மோளே" என்றார். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். நேர்க்கோடு நெளிந்து தெரிவது விழித்திரையின் நடுப்பகுதி கெடுவதன் முதல் அடையாளம். அதைக் கண்டுபிடிக்கக் கட்டம் போட்ட ஒரு அட்டை உண்டு. மாதம் தவறாமல் பிறர் முகத்துக்கு நேரே அதை நீட்டுகிறவள் நான். மறுநாளே கூட்டிப்போனேன். இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. வலது கண்ணுக்கு மாதாமாதம் ஊசி போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் ஊசி முடிந்து வெளியே வந்தபோது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "கொத்தனாரைக் கூப்பிட்டு செவரைப் பாக்க வச்சிய, என் கண்ணை நீ ஒருக்கா பாத்தியா?"

கண் தெரியாதவர்களைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற நான் சொந்த வீட்டில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டதை, எங்கள் டாக்டருக்கு இதையெல்லாம் வாசிக்க நேரம் இருக்காது என்ற ஒரே தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.