பார்க்கக் கூடாத முருகன்

மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிற மனுஷனுக்காகச் சாமியை வேண்டும்போது யார்தான் வார்த்தையை அளந்து பேசுவார்கள்? சண்முகவடிவும் அளக்கவில்லை. சுதந்திரம் வந்த மறுவருஷத்து மழையில் அவள் புருஷன் கணேசபாண்டியனுக்கு மார்ச்சளிக் காய்ச்சல் கண்டது. தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று தோல் புரட்டுகிற வேலை அவனுக்கு. நெஞ்சு ஏற்கெனவே பழுது. குடிசைக்குள் வெள்ளம் வேறு வந்துவிட்டது. கட்டில் கால்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து அவனைப் படுக்க வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அவள் கையெடுத்தாள்.

"மலமேல இருக்க முருகா! இவுகள எழுப்பி விட்டுரு. ஒம் மலையேறி வந்து, எங் கையாலயே ஒந் தலையில பாலூத்துதேன்."

அவன் எழுந்துவிட்டான். கஞ்சி குடித்தான், பிறகு சோறு தின்றான், மழை விட்டதும் வேலைக்கும் போனான். வடிவுக்குத்தான் வந்தது வினை. எந்த ஊரில் ஐயா, முருகன் தலையில் நம் கையால் பால் ஊற்ற விடுவார்கள்? செம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஊற்றுகிறவர் பூசாரி. திருச்செந்தூரில் அதற்கென்றே போத்திமார் உண்டு. ஊரில் இருந்தவரை வடிவின் ஜனம் கொடிமரத்தைத் தாண்டினதே கிடையாது. தீபாராதனை வெளிச்சத்தில் எட்டத்தில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான் அவள் கண்ட முருகன்.

அடுத்த வீட்டு ஷரீஃபுன்னிசா விடுவாளா?

"ஏன் மதினி, நீ எப்போ போத்தியம்மா ஆனே? கையாலயே ஊத்துவேன்னு சொன்னியாக்கும்?"

"சொன்னேன். அதுக்கென்ன?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்னு கன்னத்துல போட்டுக்க. ஒஞ் சாமி கேக்காதா?"

"சாமிகிட்டப் பேரம் பேச நான் என்ன கருவாட்டுக் கடையா வச்சிருக்கேன்? சொன்னது சொன்னதுதான்."

வெளியே வீறாப்பு. உள்ளே பயம். சாயங்காலம் அவன் ஒரு தடவை இருமினால் போதும், 'என்னடி வடிவு, மறந்துட்டியா' என்று முருகன் கேட்கிற மாதிரி இருக்கும். கணேசபாண்டியன் தொண்டையில் ஈ போனதற்குக்கூட அவள் வடக்கும் தெற்கும் பார்த்துக் கும்பிட்டாள்.

ஷரீஃபுன்னிசாவின் புருஷன் மன்சூர் அலி, மலைமேல் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்குச் சேணமும் வாரும் தைத்துக் கொண்டுபோய் விற்கிறவர். மார்கழியில் ஒருநாள் அவர் வாசலில் நின்று சொன்னார்:

"பாண்டி, மகாபலேஸ்வரத்துக்கு லாரி போவுது. நீயும் தங்கச்சியும் ஏறிக்கோங்க. அந்தக் காத்து ஒன் நெஞ்சுக்கு நல்லது. கோயிலும் நெறைய இருக்கு."

மலை என்கிறார், கோயில் என்கிறார். இதற்குமேல் வடிவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "அப்போ முருகன்தான்!" என்றாள்.

"அங்க சிவன்லா தங்கச்சி."

"அப்பன் இருக்க எடத்துல புள்ள இல்லாமலா போயிருவான்? நீங்க ஏத்துங்க அண்ணாச்சி."

குழாயடியில் ஒரு மராத்திக்காரியிடம் மலைக்குப் போகும் சேதியைச் சொன்னாள். அவள் கண்ணை உருட்டி, தோளைக் குலுக்கி, "தண்டி! பஹுத் தண்டி!" என்றாள். நம் பக்கத்தில் தண்டி என்றால் பெரிசு. 'அம்மாடி, இவளே நடுங்குகிறாளே, எம்புட்டுத் தண்டி மலையோ' என்று மலைத்துக்கொண்டே வடிவு வந்தாள். போர்வை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த ஊர்ப் பேச்சில் தண்டி என்றால் குளிர் என்பது, மலையில் லாரி ஏற ஏற, பல் கிட்டிப்போன பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று. மன்சூர் அலி சிரித்துச் சிரித்து, விற்க வைத்திருந்த குதிரைப் போர்வை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் புருஷன் நெஞ்சைச் சுற்றிக் கட்டிவிட்டு, அவள் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டாள்.

ஆனால் அந்த மராத்திக்காரி எந்தப் பாஷையில் சொல்லியிருந்தாலும் பொய் சொல்லவில்லை; மலையும் தண்டிதான். வாய் என்கிற ஊரைத் தாண்டிய பிறகு பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு திருப்பத்தில் லாரி நின்றது, எஞ்சினுக்குத் தண்ணீர் காட்ட. வடிவு இறங்கி ஓரத்துக்கு வந்தாள். காலுக்குக் கீழே மேகம். பஞ்சு பிரித்துப் போட்ட மாதிரி மேகம், அதற்கும் கீழே வயல், வயலுக்கு நடுவே நூல் விட்டது போல ஆறு. அவள் பிறந்ததிலிருந்து மேகத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள். குனிந்து பார்ப்பாள் என்று யார் சொன்னார்கள்?

"ஏங்க, இங்க வந்து பாருங்க. சாமியெல்லாம் இப்படித்தான் நம்மளப் பாக்குமோ?"

கணேசபாண்டியன் வந்து நின்றான். சுண்ணாம்பு நெடியும் ஊறல் நாற்றமும் ஏறிப்போன மூக்கு அவனுக்கு. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான். இருமல் வரவில்லை. இன்னொன்று இழுத்தான். அதற்கும் வரவில்லை. பொண்டாட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

மறுநாள் காலையில் மன்சூர் அலி அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். கல்லில் செதுக்கின பசுவின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அஞ்சு நதி அதில் சேர்ந்து வருகிறதாம், கிருஷ்ணையும் அதில் ஒன்றாம். "ஆறு பெறக்கும்போது இம்புட்டுக் கைப்பிள்ளையாவா இருக்கும்!" என்று வடிவு அதை உள்ளங்கையில் ஏந்தி, குடிக்கவும் மனசில்லாமல் கீழே விடவும் மனசில்லாமல் நின்றாள். விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அங்கிருந்து காட்டுப் பாதையில் போனால் ஒரு சின்னச் சிவன் கோயில். அங்கேதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டு வேலைக்குப் போகிற ஒருத்தி, இடுப்பில் அரிவாளோடு வந்தாள். வந்தவள் நேரே கருவறைக்குள் போனாள். செம்புத் தண்ணீரை லிங்கத்தின் தலையில் ஊற்றினாள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள், போய்விட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை.

"அண்ணாச்சி, அவ உள்ள போயிட்டா! சாமியத் தொட்டுட்டா!"

"இங்க அப்படித்தான் தங்கச்சி. அவங்கவங்களே ஊத்திக்கிடலாம்."

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் தவறிச் சொன்ன சொல்லுக்கும் சாமி ஒரு மலையை ஒதுக்கி வைத்திருக்கிறதே! "அப்போ முருகன் எங்க? கேளுங்க, கேளுங்க."

மன்சூர் அலி கோயில் பூசாரியான கிழவரிடம் இந்தியில் கேட்டார். அந்தப் பக்கத்தில் முருகனுக்குக் கார்த்திக் சுவாமி என்று பேர்; அதைச் சொன்னதும் கிழவர் கோயிலுக்குப் பின்பக்கம், மரங்களுக்குள் இருந்த கல் மாடத்தைக் காட்டினார். காட்டின கையோடு வடிவைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து, பாதையை மறித்து நின்றுவிட்டார்.

"நை, நை! பாயீ நை!"

"என்ன சொல்லுதாரு?"

மன்சூர் அலி மென்று விழுங்கினார். "பொம்பளைங்க பாக்கக் கூடாதாம். இந்தப் பக்கம் கார்த்திக் சுவாமி கல்யாணம் பண்ணாத சாமியாம்."

"கல்யாணம் பண்ணாதவனா? எங்க ஊருக்கு வரச் சொல்லுங்க, ரெண்டு பொண்டாட்டியையும் காட்டுதேன்!"

"அது மட்டுமில்ல தங்கச்சி..." அவர் கணேசபாண்டியனைப் பார்த்தார். "பாத்த பொம்பள தாலி அறுத்துருவாளாம். ஏழு சென்மத்துக்கும். கார்த்திகைப் பௌர்ணமி ஒருநாள்தான் பாக்கலாமாம். அது போன மாசமே போயிட்டாம்."

யாருடைய உயிருக்காக நேர்ந்தாளோ, அவன் உயிரையே எடுக்குமாம் நேர்த்திக்கடன். வேறொருத்தி இதைக் கேட்டிருந்தால் திரும்பியிருப்பாள். வடிவு சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, எம் பேரச் சொல்லுங்க அவர்கிட்ட. சண்முகவடிவு. அவரோட வடிவுதான் நான். என்னய நானே பாக்கக் கூடாதாமா, கேளுங்க."

கிழவர் கேட்டார், தாடியைத் தடவினார், "நை" என்றார்.

"வருசா வருசம் கோடைக்கு வர நான் என்ன கவர்னர் வீட்டு ஆளா? மறுக்கா இந்த மலையேறுவேனோ மாட்டேனோ. சொல்லுங்க."

"நை."

கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. அவரும் அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். பனி மரத்துக்கு மரம் இறங்கி, இரண்டு பேருக்கும் நடுவிலே வந்து நின்றது. மன்சூர் அலி ஒரு பீடியைப் பற்றவைத்து, "ரெண்டு கழுதைக்கு நடுவுல மாட்டிக்கிட்டேனே" என்றார், தமிழில்.

கடைசியில் கணேசபாண்டியன்தான் வாயைத் திறந்தான். அதிகம் பேசுகிறவன் இல்லை அவன்.

"வடிவு, எந்திரி. போய்ப் பாத்துட்டு வா."

"என்னது?"

"நான் சொல்லுதேன். என் உசிருதான? பாக்காம வந்தா, நாளைக்கு நான் தும்மினாலும் நேர்ந்தது பாக்கின்னு அழுவ. பாத்துட்டு வந்தா, பாத்ததாலதான் தும்முதேன்னு அழுவ. ரெண்டு பக்கமும் அழுகதான். அதுக்குப் பாத்துட்டே அழு. போ."

அதுவரை மலை மாதிரி உட்கார்ந்திருந்தவள், அந்தச் சொல்லைக் கேட்டதும் உருகிப்போனாள். பூசாரி தடுத்தபோது வராத பயம், புருஷன் 'போ' என்றதும் வந்தது. எழுந்து நின்றாள். ஒருவேளை கிழவர் சொல்வது நிஜமாக இருந்தால்? குதிரைப் போர்வைக்குள் ஏறி இறங்குகிற அந்த நெஞ்சை அவள் பார்த்தாள். அதை ஒரு பார்வைக்கு விலையாக வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு மெல்லக் கேட்டாள். "அண்ணாச்சி, பாக்கக் கூடாதுன்னுதான சொல்லுதாரு? தொடக் கூடாதுன்னும் சொல்லுதாரா?"

மன்சூர் அலி கேட்டார். கிழவர் முழித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலும். வானத்தைப் பார்த்தார், மாடத்தைப் பார்த்தார், தமக்குத் தாமே என்னவோ முணுமுணுத்தார். பிறகு மன்சூர் அலியிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"பெரியவங்க பாக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்களாம். தொடுறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியாம். கண்ணு மட்டும் தொறந்துச்சுன்னா அவரு பொறுப்பில்லையாம்."

சொன்னதோடு விடாமல், கிழவர் பின்னால் கட்டியிருந்த தம் எருமையிடம் போய் ஒரு செம்பு பால் கறந்துகொண்டு வந்தார். அப்படியும் ஒரு மனுஷன்!

வடிவு முந்தானையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கட்டினதற்குள்ளும் இமையை மூடிக்கொண்டாள். கணேசபாண்டியன் அவள் தோளைப் பிடித்து நடத்திப் போனான். படி, குனி, இன்னும் குனி என்று சொல்லிக்கொண்டே போய், அவள் கையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தான்.

ஈரக் கல். பனி வடிந்து நனைந்த கல். முதலில் அலகு தட்டுப்பட்டது, மயில். அப்புறம் ஒரு சின்னக் கால், தண்டை போட்ட கால். வயிறு. பயந்து பயந்து மேலே போன விரலுக்கு ஒரு மூக்கு கிடைத்தது, பச்சைப்பிள்ளை மூக்கு. அதை ஒட்டி ஒரு கன்னம், திரும்பினால் இன்னொரு மூக்கு, இன்னொரு வாய். கையைப் பின்னால் கொண்டுபோனால் அங்கேயும் ஒரு முகம் அவளுக்காகக் காத்திருந்தது. ஆறையும் தொட்டாள். ஒன்றுகூட முறைக்கவில்லை. தாலி அறுக்கிற சாமி என்றார்களே, இது குளிரில் வெளியே விட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரியல்லவா இருக்கிறது!

"என்னய்யா இப்படி வெறச்சுப் போய்க் கெடக்க?" என்றாள் அவள். வேறு எந்த வேண்டுதலும் அவள் வாயில் வரவில்லை. இடது கையால் தலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பாலை ஊற்றினாள். கறந்த சூடு மாறாத பால் அவள் விரல் வழியாக ஆறு முகத்திலும் இறங்கியது.

"வடிவு..." கணேசபாண்டியன் அவள் தோளை இறுக்கிப் பிடித்தான். "ஆவி பறக்குதுளா. சாமி மேலேருந்து ஆவி பறக்குது. மாடமே வெள்ளையாப் போச்சு."

"சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க."

"மூஞ்சி தெரியல. புகைதான். மயிலு மட்டும் தெரியுது. மேல வரைக்கும் போவுது... பனியோட போய்ச் சேருது."

அவன் கண்ணால் அவள் அதைக் கேட்டாள். அவள் கைக்குள் கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. அது பாலின் சூடுதான். ஆனால் இதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

வெளியே வந்த பிறகும் கட்டை அவிழ்க்க மாட்டேன் என்றாள். "மாடம் கண்ணுல படுமா? சத்தியமாப் படாதா? இன்னும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க." மலை விளிம்பு வரைக்கும் நடத்திப்போய் அவனே முடிச்சை அவிழ்த்தான். கண்ணைத் திறந்ததும் அவளுக்கு எதிரே இருந்தது அவன் முகம். அவன் தோளுக்குப் பின்னால் பனி கிழிந்து, பள்ளத்தாக்கு முழுசும் வெயிலில் திறந்து கிடந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் மீசையில் ஒரு சொட்டுப் பால் தெறித்திருந்தது.

"என்னளா அப்படிப் பாக்க?"

"இருங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்."

அதற்குப் பிறகு கணேசபாண்டியன் சுண்ணாம்புத் தொட்டியை விட்டுவிட்டு மன்சூர் அலியோடு சேணம் தைக்கப் போனான். இருமல் முழுசாகப் போகவில்லை, ஆளும் போகவில்லை. பேரன் பேத்தி எடுத்து, தலை நரைத்து, பொண்டாட்டியின் வாய்க்குப் பயந்துகொண்டு நெடுங்காலம் இருந்தான்.

அடுத்த கார்த்திகையில் மன்சூர் அலியே வந்து கூப்பிட்டார். "தங்கச்சி, பௌர்ணமிக்கு லாரி போவுது. இந்தத் தடவ கண்ணத் தொறந்தே பாக்கலாம். கிழவரும் ஒன்னயக் கேட்டாரு."

வடிவு முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே, "கேட்டதாச் சொல்லுங்க. நான் வரல" என்றாள்.

ஷரீஃபுன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மதினி? அன்னைக்கு ரோட்டுல உக்காந்து அந்த அழும்பு பண்ணுன. இன்னைக்கு வா வான்னு கூப்புடுதாக, மாட்டேங்குற?"

"அன்னைக்கு எனக்கு அவன் மூஞ்சி தெரியாது. இப்போ தெரியும்லா" என்றாள் வடிவு. "கண்ணால பாத்து, அது வேற மாதிரி இருந்துட்டுன்னா? நீ போய் ஒன் வேலயப் பாரு."