பெட்டிக்குச் சொல்லாத ஹெர்பாத்தா

கத்தரீன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாருக்குத் தேத்தண்ணி கொடுப்பது அவள் வீட்டு உரிமை. மாமியாருக்குப் பிறகு அவள் கைக்கு வந்தது. டின் பாலைத் தாராளமாகக் கொட்டிக் கெட்டியாகப் போடுவாள்.

1976இல் வந்த சாமியார் போலந்துக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். அவள் தேத்தண்ணியை மட்டும் மரியாதைக்கு நாலு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிறு அவளுடைய ஓரகத்தி, பெட்டி என்று பெயர், துரை பங்களாவில் வேலை செய்பவள், பாலில்லாத தேத்தண்ணியைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, எலுமிச்சை வில்லை மிதக்கக் கொண்டுவந்தாள். சாமியார் முகம் மலர்ந்தது.

“ஹெர்பாத்தா! எங்கள் ஊரில் இதற்கு அதுதான் பெயர். ருஷ்யாக்காரரும் செக் நாட்டுக்காரரும் சாய் என்பார்கள்.”

கிளாஸ் காலியானது.

அந்த வாரம் முழுக்கப் பெட்டியின் வாய் ஓயவில்லை. “அக்கா, ஹெர்பாத்தா குடிக்கிறீங்களா? பால் வேணாம்லா, சாமிக்கே அது இறங்கல.”

கத்தரீனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை, லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த பொது எலுமிச்சை மரத்தை ஒரு காய் விடாமல் பறித்து, நறுக்கி, உப்பில் போட்டு ஜாடியை மூடினாள்.

மறுநாள் பெட்டி எலுமிச்சை தேடி லயம் லயமாக அலைந்தாள். பூசை முடிந்ததும் கோயில் பின்னறையில் கத்தரீன் நிம்மதியாகத் தன் பால் தேத்தண்ணியை நீட்டினாள். சாமியார் வாங்கிக்கொண்டு, “தேயிலை என்கிறீர்களே, அதைப் பிரித்தால்?” என்று கேட்டார்.

“தே, இலை. அவ்வளவுதான் சாமி.”

“ஹெர்பாத்தாவும் அப்படித்தானம்மா! ஹெர்பா என்றால் லத்தீனில் தழை. கடைசியில் வரும் தா, உங்கள் தே. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சொல். சாய் தரைவழியாகப் போனது. உங்களைப் போலவே நாங்களும் தழையைச் சேர்த்துச் சொல்கிறோம்.”

கத்தரீன் பூரித்து நிற்கும்போது பெட்டி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“மரம் மொட்டையா நிக்குது சாமி! எல்லாம் அக்கா வீட்டு ஜாடியிலதான் இருக்கு!”

அவள் பின்னாலேயே வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோயில் மூப்பர் அமல்தாஸ் மட்டும் சிரிக்கவில்லை. பொது மரத்தில் கை வைத்ததற்கு, இனி தேத்தண்ணி ஒரு ஞாயிறு கத்தரீன், ஒரு ஞாயிறு பெட்டி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சாமியார் மாற்றலாகிப் போன பிறகும் பெட்டி விருந்தாளிகளுக்குக் கிளாஸை நீட்டி “ஹெர்பாத்தா” என்பாள். அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் விழிப்பாள். பக்கத்தில் இருக்கும் கத்தரீன் வாயைத் திறக்கமாட்டாள்.

அந்தச் சொல்லின் கதையை எனக்கு அவள் சொன்னதே எண்பத்து நாலில்தான். அதுவும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு.

“அவகிட்ட சொல்லிடாதீங்கலா.”