கறி மார்க்கெட்டில் நான் குத்திய சீல்

ஊதா மை தோய்ந்த மரச் சீல் ஒன்று பல வருடம் என் கையில் இருந்தது. கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கறி மார்க்கெட்டுக்கு விடிந்ததும் போய், அறுத்த ஆட்டின் ஈரலையும் குடலையும் பார்த்து, நோயில்லை என்றால் தொடையில் சீல் குத்த வேண்டும். எனக்கு அந்த வாடையே குமட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல் மளமளவென்று குத்திவிட்டு வெளியே ஓடிவந்துவிடுவேன்.

என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அங்கே கறிக்கடை வைத்திருந்த பாய்தான். ஒருநாள் கறி வாங்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஓர் ஈரலைத் தூக்கிக் காட்டினார். முழுக்கச் சீழ்க்கட்டி. “சார், இதுக்கும் சீலு குத்திட்டீக. புள்ளைக திங்கிற கறி, நான் எப்புடி விப்பேன்?” ஆட்டை அப்படியே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. நோயுள்ள ஆடு பாய் கடையில் பிடிபட்டது, கட்டடமே சுகாதாரக்கேடு என்று அறிக்கை எழுதினேன். மார்க்கெட்டைப் பூட்டினார்கள். புதைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்கூடக் காகிதத்தைத்தான் நம்பினார்கள். சீக்கு ஆடு விற்றவர் என்ற பேர் பாய்க்கு ஒட்டிக்கொண்டது.

பல வருடம் பூட்டிக்கிடந்த அந்தக் கட்டடம் போன மாதம் காபி ஷாப்பாகத் திறந்தது. ஆடு தொங்கிய கொக்கியில் அலங்கார விளக்கு, வெட்டுமேடையில் கேக்கு! அந்த வாடைக்கு அன்று முகம் சுளித்தவர்களின் பிள்ளைகள் அதே கல்லில் சாய்ந்து செல்பி எடுக்கிறார்கள். திறப்புவிழாவில் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். விழாவுக்கு முதல்நாளே பாய் என் வீட்டுக்கு வந்தார். “அங்கன பேசப்போறீகளாம்ல சார். நான் சீக்கு ஆடு விக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பேத்திக்கு மாப்பிள்ளை பாக்குறோம், போற எடத்துல எல்லாம் அந்தப் பேச்சுதான் வருது.” சொல்கிறேன் பாய் என்றேன்.

விழாவில் காபி ஷாப் முதலாளி எனக்குச் சால்வை போர்த்தி, “இந்த இடம் சுத்தமானதே சாராலதான்” என்றார். வாசலில் பாய் நின்றிருந்தார். மைக்கைப் பிடித்தேன். “அப்பல்லாம் மூக்கைப் பிடிக்காம இதுக்குள்ள வரமுடியாது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது பாய் என் கையைப் பிடித்தார். “இருக்கட்டும் சார். இத்தன பேரு முன்னால ஒங்களுக்கும் சங்கடந்தான?”

தூ! அதற்குப் பதில் அவர் என் மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம்.